கியூ தோட்டத்தின் மிதவெப்பக் கண்ணாடி மாளிகை

லண்டன் கியூ தாவரவியல் தோட்டத்தில், டெசிமஸ் பர்ட்டன் வடிவமைத்து 1863-இல் திறக்கப்பட்ட, மிதவெப்ப நாட்டுத் தாவரங்களுக்கான மிதவெப்பக் கண்ணாடி மாளிகை, ஐந்தாண்டுச் சீரமைப்புக்குப் பின் 2018 மே மாதம் மீண்டும் திறக்கப்பட்டது. துருவேறிய இரும்புச் சட்டங்களைச் சுரண்டி வண்ணம் பூசி, சுமார் 15,000 கண்ணாடிகளை மாற்றியும், விக்டோரியா காலத்துத் தோற்றம் சிறிதும் சிதையாமல் பாதுகாத்திருக்கிறார்கள். சுழல்படியேறி மேல்மாடத்தில் நின்று, மரப்பெரணிகளின் தலைகளுக்கு மேலாக வெளிச்சம் இறங்குவதைப் பார்க்கும்போதுதான் அந்த நேர்த்தி முழுமையாகப் புலப்படுகிறது. என்னை நெடுநேரம் நிறுத்தி வைத்தது, 1895-இல் தென்னாப்பிரிக்காவில் ஒற்றை ஆண் மரமாகக் கண்டறியப்பட்டு, இன்றுவரை பெண் மரமே கிடைக்காத என்செபலார்டஸ் வுட்டி என்னும் பனை போன்ற தாவரம். தோட்டத்தின் நுழைவுக் கட்டணம் அதிகம்தான், ஆயினும் 4.1 கோடி பவுண்டு செலவிட்ட இப்பணியைக் காண அது தகும் என்றே கருதுகிறேன். மேகமற்ற காலைப்பொழுதில் செல்லுங்கள்.