மாமாவின் 1541 டிரைவும் நான் கட்டிய கேபிளும்: ஐந்து வருட அனுபவம்

ஜேர்மனியிலிருந்து லீவில் வந்த மாமா ஒருமுறை கொமடோர் 64 என்ற பழைய வீட்டுக் கணினி ஒன்றையும், அதன் 1541 டிஸ்க் டிரைவையும், ஒரு சப்பாத்துப் பெட்டி நிறையப் பிளொப்பிகளையும் கொண்டுவந்தார். எங்கள் திருகோணமலை உவர்மலை வீட்டில் அவை பல வருடம் அலுமாரிக்கு மேலே கிடந்தன. பூஞ்சணம் முந்துவதற்குள் பிளொப்பிகளில் உள்ளதைப் பிசிக்கு மாற்றிவிட வேண்டும் என்று 2019இல் தொடங்கினேன்.

பிளொப்பியை நேரே பிசியில் போட்டால் வேலைக்கு ஆகாது. 1541 எழுதும் முறை வேறு, பிசி டிரைவுக்கு அது விளங்காது. ஆனால் 1541க்குள்ளேயே 6502 புரொசசரும் சொந்த நினைவகமும் உண்டு, அதுவே ஒரு குட்டிக் கணினி. அதனால் கொமடோரை ஒதுக்கிவிட்டு, டிரைவைப் பிசியின் பிரிண்டர் போர்ட்டோடு நேரே பேச வைக்கலாம். அதற்குத்தான் எக்ஸ்இ1541 கேபிள். ஒரு முனையில் 25 ஊசிப் பிளக், மறுமுனையில் டின் (DIN) எனப்படும் வட்டமான 6 ஊசிப் பிளக், நடுவில் கரண்டை ஒரு பக்கம் மட்டும் விடும் நாலு டயோட். அவ்வளவுதான்.

அந்த நாலு டயோடில்தான் ஒரு மாதம் போனது. கையில் இருந்த சாதாரண 1என்4148ஐப் போட்டேன். ஒரு தட்டு, அதாவது ஒரு பிளொப்பி, படிக்கும், அடுத்தது பாதியில் நின்றுவிடும். சிலநாள் பிசியைச் சந்தேகப்பட்டேன், சிலநாள் பிளொப்பியை. காரணம் எளிது: சாதாரண டயோடில் 0.7 வோல்ட் அளவு விழுகிறது, சிப் ‘பூச்சியம்’ என்று ஏற்கும் எல்லையோ 0.8 வோல்ட். நூலிழை இடைவெளி. வோல்ட் குறைவாக விழும் 1என்5819 என்ற ஷாட்கி வகை டயோடுகளை வரவழைத்து மாற்றியதும் அந்தத் தொல்லை போயே போய்விட்டது. 6 ஊசி டின் பிளக் எங்கும் கிடைக்கவில்லை. பழைய கீபோர்டில் இருப்பது 5 ஊசி. கடைசியில் மாமாவின் உதிரி வயரைத்தான் வெட்டினேன்.

என்னைக் கேட்டால், கேபிளுக்கு முன் பிசியைத் தேடுங்கள். முதலில் என் பிசியில் பிரிண்டர் போர்ட் இல்லாததால் யூஎஸ்பி மாற்றி ஒன்று வாங்கினேன், காசுக்குக் கேடு. அது பிரிண்டருக்கு மட்டுந்தான், ஒவ்வொரு ஊசியையும் தனித்தனியே ஆட்டி வைக்க விடாது. பிறகு பழைய பென்டியம் 4 ஒன்றை 6,000 ரூபாவுக்கு எடுத்தேன். டொஸ் என்ற பழைய சிஸ்டத்தில், தட்டை நகலெடுக்கும் ஸ்டார் கொமாண்டர் மென்பொருளைப் போட்டதும் முதல் தட்டு வந்தது. முழுத் தட்டும் 683 பிளொக், 174,848 பைட்தான். வாட்ஸப்பில் வரும் காலை வணக்கப் படம்கூட அதைவிடப் பெரிசு!

இரண்டாம் வருடம் லினக்ஸுக்கு மாறினேன். பல வேலையை ஒன்றாகப் பார்க்கும் சிஸ்டத்தில் எக்ஸ்இ கேபிளின் நேரக்கணக்குக் குழம்பும். ஆகவே ட்ரான்சிஸ்டர் வைத்த எக்ஸ்ஏ1541ஐக் கட்டி, ஓபன்சிபிஎம் என்ற மென்பொருளில் ஓட்டுகிறேன். இன்றுவரை அதுதான்.

உடைந்தவற்றையும் சொல்ல வேண்டும். ஒருநாள் அவசரத்தில் கரண்ட் இருக்கும்போதே பிளக்கை இழுத்தேன், டிரைவில் கேபிளோடு பேசும் 7406 சிப் போய்விட்டது. சில்லறைக் காசுச் சிப்தான், ஆனால் கழற்றி மாற்ற ஒரு ஞாயிறு போனது. கடல்காற்று மற்ற எதிரி. ஒவ்வொரு மாரிக்கும் டின் ஊசிகளில் பச்சைக் களிம்பு பிடிக்கும், ஸ்பிரிட் போட்டுத் துடைத்தால்தான் மீண்டும் பேசும். 2022இல் ஒரு நாளில் 13 மணித்தியாலம்வரை கரண்ட் வெட்டிய நாட்களில் இந்த வேலையைத் தொடவே இல்லை.

பூஞ்சணம் பிடித்த தட்டைப் போட்டால் தட்டைப் படிக்கும் டிரைவின் ஹெட் அழுக்காகும், பிறகு நல்ல தட்டும் படிக்காது. முதலில் தட்டைத் துடையுங்கள், அப்புறம் டிரைவைக் கேளுங்கள். படிக்க முடியாமல் ஹெட் ‘டகடக’ என்று முட்டும்போது அம்மா அடுக்களையிலிருந்து “என்னடா உடைக்கிறாய்?” என்பார்.

இப்போது சூம்பிளொப்பி என்ற ஆயத்த யூஎஸ்பி கருவி உண்டு. பழைய பிசி கிடைக்காதவர்கள் அதையே வாங்கலாம், நான் தடுக்கமாட்டேன். என் கேபிள் இற்றால் பத்து நிமிடத்தில் ஈயம் வைத்துவிடுவேன், அதனால் எனக்கு இது போதும்.

மாமா போனில் கேட்பது ஒன்றே ஒன்று: அவர் பேசிக் (BASIC) கணினி மொழியில் எழுதிய சீட்டுக்கணக்கு வந்ததா? இன்னும் இல்லை. பெட்டியில் 11 தட்டு மிச்சம். அதில் நாலில் வெள்ளைப் பூஞ்சணம்.