கார்களின் பக்கவாட்டு மோதல் சோதனை: அமெரிக்க முறையா, ஐரோப்பிய முறையா?

வேகம் இரண்டிலும் மணிக்கு 60 கிலோமீட்டர்தான். ஆனால் இன்னொரு வாகனத்துக்குப் பதிலாகக் காரின் கதவில் வந்து மோதும் தள்ளுவண்டி வேறு. ஐரோப்பாவின் கார் பாதுகாப்பு மதிப்பீட்டு அமைப்பான யூரோ என்கேப் 2020-இல் ஏற்றுக்கொண்டது 1,400 கிலோ. அமெரிக்காவில் அதே வேலையைச் செய்யும் ஐஐஎச்எஸ் 2021-இல் அறிவித்தது 1,900 கிலோ.

எடையைவிட எனக்குப் பெரிதாகப் படுவது, மனிதருக்குப் பதிலாகக் காருக்குள் உட்காரவைக்கும் பொம்மைதான். ஐரோப்பியர் ஓட்டுநர் இருக்கையில் வைக்கும் வேர்ல்ட்சிட், சராசரி ஆண் உடல். பின்னால் குழந்தைப் பொம்மைகள். அமெரிக்கர் முன்னும் பின்னும் வைக்கும் சிட்-2எஸ், ஏறக்குறைய ஐந்தடிப் பெண். குள்ளமானவரின் தலை ஜன்னலின் கீழ்ப்பகுதிக்கு நேராக இருக்கும். எஸ்யூவியின் முகப்பு இடிப்பதும் அங்கேதான். பொம்மையின் தலையில் பூசிய சாயம் காற்றுப்பையில் ஒட்டியதா, கதவிலா என்பதைக் காட்டிக்கொடுத்துவிடும்.

கம்பத்தில் மோதவிடும் சோதனை யூரோ என்கேப்பில் உண்டு, ஐஐஎச்எஸ் மதிப்பீட்டில் இல்லை. வீட்டில் உயரம் குறைந்தவர்கள் இருந்தால், நான் முதலில் பார்ப்பது அமெரிக்க மதிப்பெண்ணைத்தான்.