ஆறு வருடம், 84,000 கிலோமீற்றர்: திருகோணமலையில் ஒரு சிறு காரோடு

2019 ஒக்டோபரில் ஒரு பழைய கார் வாங்கினேன். 660 சி.சி. ஜப்பானியச் சிறுகார், கூரை உயர்ந்து பெட்டி போல நிற்கும் வகை. 2015இல் தயாரானது. எங்கள் கைக்கு வந்தபோது மீற்றரில் 61,000 கிலோமீற்றர் இருந்தது, இன்று 1,45,000. இந்த ஆறு வருடத்தில் இயந்திரம் எனக்குத் தந்த தொல்லை மிகக் குறைவு. பட்ட கஷ்டமெல்லாம் காகிதங்களால் வந்தது. கார் வாங்கும் எண்ணத்தோடு என்னிடம் விசாரிக்க வருகிறவர்கள் லீற்றருக்கு எத்தனை கிலோமீற்றர் ஓடும் என்றுதான் முதலில் கேட்கிறார்கள். காப்புறுதிப் பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. அதனால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

அப்பாவுக்கு இருதய நோய். மாதம் ஒரு முறை கண்டியில் கிளினிக். போய்வர 360 கிலோமீற்றர் அளவு. விடியற்காலை பஸ்ஸில் அவரை ஏற்றிச் செல்ல முடியாத நிலை வந்தபிறகு, ஒன்றரை வருடம் வாடகைக்குக் கார் எடுத்தோம். அப்போது சாரதி இல்லாமல் நாள் வாடகை 5,000 ரூபாய். அதில் 100 கிலோமீற்றர் அடக்கம். அதற்கு மேல் ஒவ்வொரு கிலோமீற்றருக்கும் 30 ரூபாய். ஆக, கண்டிப் பயணம் ஒன்றுக்கு 12,800 ரூபாய், பெற்றோல் வேறு.

ஒரு முறை காரைத் திருப்பிக் கொடுத்தபோது, பின் பம்பரின் அடியில் ஒரு கீறலைக் காட்டி, நான் முற்பணமாக வைத்த 20,000 ரூபாயில் 12,000 ரூபாயைப் பிடித்துக்கொண்டார்கள். நான் எடுக்கும்போதே இருந்த கீறல் அது. ஆனால் அதை நிரூபிக்க என்னிடம் எதுவும் இல்லை. அடுத்த மாதத்திலிருந்து காரைச் சுற்றி நடந்து வீடியோ எடுத்து, அங்கே நின்றபடியே உரிமையாளரின் வாட்ஸ்அப்புக்கு அனுப்பிவிட்டுத்தான் சாவியைக் கையில் வாங்கினேன். பம்பர்களின் அடிப்பகுதி, நான்கு டயர்கள், மேலதிக டயர், பெற்றோல் முள், மீற்றர் இலக்கம் எல்லாம் அந்த வீடியோவில் வரவேண்டும். பிறகு ஒரு தடவையும் தகராறு வரவில்லை.

கணக்கை மட்டும் பார்த்தால் வாடகையே எங்களுக்கு இலாபம். காரின் விலை 26½ இலட்சம். கையில் இருந்தது போக 13 இலட்சத்தை ஐந்து வருட லீசிங்கில் எடுத்தேன். மாதத் தவணை 32,000 ரூபாய்க்குச் சற்றுக் கூட. மாதம் ஒரு பயணத்துக்காக மட்டும் யாரும் கார் வாங்கவேண்டாம் என்றே இன்றும் சொல்வேன். எங்களை வாங்க வைத்தது ஒரு இரவு. இரண்டு மணிக்கு அப்பாவுக்கு மூச்சு முட்டியது. ஆட்டோ ஒன்று கிடைக்க இருபத்தைந்து நிமிடம் எடுத்தது. அந்த இருபத்தைந்து நிமிடமும் வாசற்படியில் அவரைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு நின்ற அம்மாவின் முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. அதன்பிறகு நான் கணக்குப் பார்க்கவில்லை.

முதலில் பார்த்தது குருநாகலில் ஒரு விற்பனை முற்றத்தில் நின்ற கார். பளபளவென்று இருந்தது; மீற்றரில் 48,000. ஜப்பானிலிருந்து இங்கே வரும் பழைய கார்களில் பெரும்பாலானவை அங்குள்ள ஏலங்களில் வாங்கப்படுபவை. ஏலத்துக்கு முன் ஒரு பரிசோதகர் வண்டியைப் பார்த்து, ஓடிய தூரம், அடிபட்ட இடம், துரு எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி மதிப்பெண் போடுவார். நான்கு, நாலரை என்றால் நல்ல நிலை. ‘ஆர்’ என்ற எழுத்து இருந்தால் விபத்துக்குப் பின் திருத்திய வண்டி. செசி இலக்கத்தைக் கொடுத்தால் சிறு கட்டணத்துக்கு அந்தத் தாளின் பிரதியை எடுத்துத் தருகிறவர்கள் இருக்கிறார்கள். எடுத்துப் பார்த்தேன். ஏலத்தில் விற்கப்பட்ட நாளிலேயே அந்தக் கார் 92,000 கிலோமீற்றர் ஓடியிருந்தது. விற்பவரிடம் தாளைக் காட்டியபோது அவர் அதிர்ச்சி அடையவில்லை, விலையைத்தான் குறைத்தார். நான் திரும்பி வந்துவிட்டேன்.

மீற்றர் ஒருபுறம் இருக்க, அந்த வண்டி ‘ஓப்பன் பேப்பர்’ வண்டியாகவும் இருந்தது. பதிவுப் புத்தகத்தில் பெயர் உள்ள உரிமையாளர், மாற்றப் படிவத்தில் கையொப்பம் இட்டு, திகதி போடாமல் கொடுத்திருப்பார். அந்தத் தாளோடு வண்டி இரண்டு மூன்று கை மாறும். யார் பெயரும் புத்தகத்தில் ஏறாது. நம் ஊரில் இது மிகச் சாதாரணம். மாற்றச் செலவு மிச்சம் என்பார்கள். ஆனால் பதிவில் உள்ளவர் இறந்துபோனால், அல்லது வெளிநாடு போய்விட்டால், உங்கள் பணம் கொடுத்து வாங்கிய வண்டி உங்களுடையது என்று காட்ட நீங்கள் அலைந்து திரியவேண்டும். இரண்டாவதாகப் பார்த்த, நான் வாங்கிய காருக்குப் பதிவு உரிமையாளரே நேரில் வந்து கையொப்பம் இட்டார். அதற்கு முன் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் வாகன இலக்கத்தைப் போட்டு, இயந்திர இலக்கம் சரியா, லீசிங் நிறுவனம் எதன் பெயராவது இன்னும் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டேன். பார்க்க ஐந்து நிமிடம்கூட ஆகாது.

என் லீசிங் 2024 ஒக்டோபரில் முடிந்தது. கடைசித் தவணையோடு எல்லாம் முடிந்தது என்று பலர் இருந்துவிடுகிறார்கள். பதிவுப் புத்தகத்தில் லீசிங் நிறுவனத்தின் பெயர் அப்படியே இருக்கும். அவர்களிடம் விடுவிப்புக் கடிதம் வாங்கி, திணைக்களத்தில் கொடுத்து நீக்கவேண்டும். நான் இரண்டு மாதத்தில் செய்து முடித்தேன். என் நண்பர் ஒருவர் நான்கு வருடம் கழித்து, விற்கும் நாளில்தான் அதைக் கண்டுபிடித்தார்.

வண்டியைப் பற்றிச் சுருக்கமாக. ஊருக்குள் லீற்றருக்கு 15, ஹபரணைச் சாலையில் 20 வரை தருகிறது. 2022இன் எரிபொருள் தட்டுப்பாட்டில் கியூஆர் முறை வந்து காருக்கு வாரம் 20 லீற்றர் என்று அளந்து தந்த நாட்களில், கண்டிக்குப் போய்வர அந்த 20 லீற்றர் எங்களுக்குப் போதுமாக இருந்தது. அப்பாவின் ஒரு கிளினிக்கும் தவறவில்லை. சீனக்குடாவில் 99 எண்ணெய்த் தாங்கிகளை வைத்திருக்கும் ஊரில் நாம் வரிசையில் படுத்திருந்தோம் என்பதை நினைக்கும்போது இன்றும் மனம் கனக்கிறது.

துருதான் இங்கே பெரிய பகை. எங்கள் வீடு உப்புவெளியில், கடலில் இருந்து 300 மீற்றர். மூன்றாவது வருடம் புகைக்குழாய்த் தாங்கி அரித்து விழுந்தது. ஐந்தாவது வருடம் ஏசியின் முன் தட்டு கசிந்தது. கராஜ் அண்ணன் ஒரு வழி சொன்னார்: கண்ணுக்குத் தெரியும் மேற்பகுதியைக் கழுவுவதைக் காட்டிலும் அடிப்பகுதிக்கு வாரம் ஒரு முறை கிணற்று நீர் அடி, வருடம் ஒரு முறை அடிப்பூச்சு போடு. கிணற்று நீர் உவர் இல்லாததாக இருக்கவேண்டும். அதன்பிறகு துரு நின்றுவிடவில்லை, ஆனால் மிக மெதுவாகிவிட்டது. திருமலையில் கடற்கரையோரம் நின்ற காரை வாங்குகிறவர்கள் மெழுகு பூசிய மேற்புறத்தைப் பார்த்து ஏமாறாமல், ஒரு பாயை விரித்து அடியில் படுத்துப் பாருங்கள்.

இனிக் காப்புறுதி. மூன்றாம் தரப்புக் காப்புறுதி சட்டப்படி எல்லா வாகனத்துக்கும் கட்டாயம். அதுவும் புகைப் பரிசோதனைச் சான்றிதழும் இல்லாமல், வண்டியை வீதியில் ஓட்டத் தேவையான வருட வருமான அனுமதிப்பத்திரம் கிடைக்காது. மூன்றாம் தரப்புக் காப்புறுதி நீங்கள் மற்றவருக்குச் செய்யும் சேதத்துக்கு மட்டும். உங்கள் வண்டிக்கும் வேண்டுமென்றால் முழுக் காப்புறுதி எடுக்கவேண்டும். லீசிங் இருக்கும்வரை அதுவும் கட்டாயம். நான் எடுத்தேன். வண்டியின் பெறுமதி 27½ இலட்சம் என்று போட்டார்கள்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. புது வண்டி வராததால் பழைய வண்டிகளின் விலை ஏறிக்கொண்டே போனது. 2022இல் என் காரை 50 இலட்சத்துக்குக் கேட்டார்கள். நான் என்ன செய்தேன்? பெறுமதியைக் கூட்டினால் காப்புறுதிக்கு வருடாவருடம் செலுத்தும் கட்டுப்பணமும் கூடும் என்று அதே 27½ இலட்சத்துக்கே இரண்டு முறை புதுப்பித்தேன். சேதம் வந்தால் இரண்டு மூன்று இலட்சம்தானே, அதற்கு இந்தப் பெறுமதி தாராளம் என்று நினைத்தேன்.

2022 நவம்பர், கண்டியிலிருந்து திரும்பும் இரவு. மழை. கந்தளாய் தாண்டி, தம்பலகாமம் சந்திக்கு முன்னால் கட்டாக்காலி மாடு ஒன்று இருட்டிலிருந்து ஏறியது. பிரேக் பிடித்தும் முட்டிவிட்டது. அப்பாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. மாடு எழுந்து போய்விட்டது. பொனட், ஒரு முன்விளக்கு, ரேடியேட்டர், பம்பர் போய்விட்டன. வண்டியை நகர்த்தாமல் அங்கிருந்தே காப்புறுதி நிறுவனத்துக்கு அழைத்தேன். முக்கால் மணி நேரத்தில் ஆள் வந்து படம் எடுத்தார். அந்த அளவில் எல்லாம் ஒழுங்காகவே நடந்தது. இறக்குமதி இல்லாத காலம் என்பதால் விளக்கை கொழும்பு பஞ்சிகாவத்தையில் பழையதாகவே தேடி எடுத்தோம். மொத்தச் செலவு 2,80,000 ரூபாய்.

கிடைத்தது 1,44,000.

ஏன் என்று கேட்டபோது ஒப்பந்தத்தின் ஒரு வரியைக் காட்டினார்கள். வண்டியின் சந்தைப் பெறுமதியைவிடக் குறைந்த தொகைக்குக் காப்புறுதி செய்திருந்தால், எந்தச் சேதத்துக்கும் அதே விகிதத்தில்தான் பணம் தருவார்கள். 50 இலட்சம் பெறுமதியான வண்டியை 27½ இலட்சத்துக்கு எழுதியிருந்தேன். அதாவது நூற்றுக்கு 55. ஆகவே 2,80,000இல் 55 வீதம், 1,54,000. அதிலிருந்து நான் ஏற்கவேண்டிய முதல் 10,000 ரூபாயையும் கழித்தார்கள். வரி ஒப்பந்தத்தில் இருந்தது, நான்தான் வாசிக்கவில்லை. புதுப்பிக்கும்போது தொலைபேசியில் பேசியவர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் என்ற வருத்தம் எனக்கு இன்னும் உண்டு. இரண்டு வருடமும் கட்டுப்பணத்தில் நான் மிச்சம் பிடித்தது 40,000 ரூபாய்க்குள். பெறுமதியைக் குறைத்து எழுதியதால் இழந்தது 1,26,000.

இப்போது ஒவ்வொரு வருடமும் புதுப்பிக்க ஒரு மாதத்துக்கு முன், என் வண்டி வகையும் வருடமும் உள்ள கார்கள் என்ன விலைக்குப் போகின்றன என்று மூன்று இடங்களில் விசாரித்து, அந்தத் தொகையை எழுத்தில் அனுப்புகிறேன். 2025 பெப்ரவரியில் தனியார் வாகன இறக்குமதி மீண்டும் திறந்தபிறகு இது இன்னும் அவசியமாகிவிட்டது. விலை இறங்கினாலும் பெறுமதியைத் திருத்தவேண்டும். கூட்டி எழுதி வைத்தாலும் கூடுதலாகக் கிடைக்காது, கட்டுப்பணம்தான் வீண்.

வெள்ளத்துக்கான பாதுகாப்பு என் ஒப்பந்தத்தில் தனியாகச் சேர்க்கவேண்டியதாக இருந்தது. 2021இல் சேர்த்தேன். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோது எங்கள் காரை ஓர்ஸ்ஹில் மேட்டில் தெரிந்தவர் வீட்டு முற்றத்தில் கொண்டுபோய் நிறுத்தியதால் அது தேவைப்படவில்லை. மூதூரில் என்னோடு படித்த நண்பருக்கு அது தேவைப்பட்டது. அவரிடம் இருந்ததோ மூன்றாம் தரப்புக் காப்புறுதி மட்டும். இருக்கை மட்டத்துக்குத் தண்ணீர். வற்றியதும் ஆவலில் சாவியைத் திருப்பிவிட்டார். உருளைக்குள் நீர் நின்றால் பிஸ்டனால் அதை அமுக்க முடியாது; உள்ளே இருக்கும் தண்டு வளைந்துவிடும். கழுவிக் காயவைத்துப் பிழைத்திருக்கக்கூடிய இயந்திரம் அந்த ஒரு திருப்பலில் போய்விட்டது. தண்ணீர் ஏறிய வண்டியில் முதலில் பற்றரி இணைப்பைக் கழற்றுங்கள், பிறகு இழுத்துக்கொண்டே கராஜுக்குப் போங்கள்.

வாடகைக்குக் கொடுப்பது பற்றியும் சொல்லவேண்டும். நிலாவெளியில் அறைகள் வாடகைக்கு விடும் அத்தான், ஏப்ரலில் சீசன் தொடங்கியதும் கேட்டார்: “மாதத்தில் இருபத்தைந்து நாள் சும்மா நிற்கிற கார். வருகிற வெள்ளைக்காரருக்குக் கொடுத்தால் நாளைக்கு 8,000 வரும் தம்பி.” மனம் ஆடியது உண்மை. ஆனால் மாட்டுக்குப் பிறகு நான் ஒப்பந்தத்தை வரி வரியாக வாசித்திருந்தேன். ‘தனிப்பட்ட பாவனை’ என்று எழுதிய காரை வாடகைக்கு விட்டு விபத்து நேர்ந்தால் என் ஒப்பந்தப்படி ஒரு சதமும் கிடைக்காது. வாடகைப் பாவனைக்கு மாற்றினால் கட்டுப்பணம் ஏறும். தம் நாட்டு அனுமதிப்பத்திரத்தை மட்டும் வைத்து வெளிநாட்டவர் இங்கே ஓட்டவும் முடியாது. இங்கே செல்லுபடியாகும் அனுமதி வேண்டும். அத்தானிடம் மறுத்துவிட்டேன். அவருக்குக் கொஞ்சம் மனத்தாங்கல். பிறகு பத்திரத்தை அவரே வாசித்துப் பார்த்துவிட்டு, தன் வானின் காப்புறுதியை மாற்றிக்கொண்டார். முன்பு நான் வாடகைக்கு எடுத்த கார்களில் எத்தனை இப்படிப் பாதுகாப்பில்லாமல் ஓடினவோ தெரியாது. நீங்கள் எடுக்கும்போது காப்புறுதிப் பத்திரத்தின் பிரதியைக் கேட்டு, பாவனை என்ற இடத்தில் என்ன இருக்கிறது என்று பாருங்கள்.

காரை விற்கும் எண்ணம் இல்லை. முன் இருக்கையில் ஒரு பஞ்சணை வைத்து, கந்தளாய்க் குளக்கட்டு வரும்வரை தூங்கி, அங்கே தேநீருக்கு எழுந்துகொண்டு அப்பா கண்டிக்குப் போய் வருகிறார். அடுத்த கிளினிக் 17ஆம் திகதி. அதற்குள் பின் டயர்கள் இரண்டையும் மாற்றவேண்டும்.