அம்மா ஸ்ட்ரோக்குக்கு வாடகைக்கு எடுத்த கட்டில், காத்து மெத்தை, ஹோம் நர்சிங் ஆள், பிசியோ: எது தேவலாம் எது வேஸ்ட்

வீட்ல யாரையாச்சும் ஸ்ட்ரோக் வந்து ஆஸ்பத்திரில இருந்து டிஸ்சார்ஜ் பண்ணி கூட்டிட்டு வரப்போறீங்கன்னா, சர்ஜிக்கல் கடைக்கு கெளம்புறதுக்கு முன்னாடி இத படிச்சிருங்க. டிஸ்சார்ஜ் அன்னைக்கு நம்ம மண்டை வேலை செய்யாது, கடைக்காரர் என்ன சொன்னாலும் சரின்னு ஜிபே பண்ணிட்டு வந்துருவோம். கடை பேரு ஏஜென்சி பேரு எதுவும் போடல, கேக்காதீங்க. பொருளையும் சர்வீசையும் பத்தி மட்டும்தான் எழுதுறேன்.

அம்மாவுக்கு 66 வயசு, சுகர் பிபி ரெண்டும் உண்டு. மூளைல இடது பக்கம் அடைப்பு, அதனால வலது கை வலது கால் வரல, பேச்சும் போயிருச்சு. 4.5 மணி நேரத்துக்குள்ள கொண்டு போனா அடைப்ப கரைக்கிற ஊசி போடலாம்னு சொல்வாங்கல்ல, அம்மாவுக்கு ராத்திரி தூக்கத்துல வந்திருக்கு, காலைல எழுப்பும்போதுதான் வாய் கோணியிருந்தத பாத்தோம், எப்ப வந்துச்சுன்னே தெரியாததால அந்த ஊசி போட முடியாதுன்னுட்டாங்க. வீட்டுக்கு வரும்போது மூக்கு வழியா வயித்துக்கு கஞ்சி போற ரைல்ஸ் டியூப், கீழ யூரின் போற கத்தீட்டர் குழாயும் பேக்கும், கையில ஒரு பை மாத்திரை.

மொதல்ல கட்டில். மதுரைல பெரியாஸ்பத்திரி பக்கம் பனகல் ரோட்ட சுத்தி நெறைய சர்ஜிக்கல்ஸ் இருக்கு, விலைக்கும் தருவாங்க வாடகைக்கும் தருவாங்க. வாடகைக்கே எடுங்க. நாங்க எடுத்தது ரெண்டு கைப்பிடி வச்ச கட்டில், ஒண்ண சுத்துனா தலைப்பக்கம் ஏறும் இன்னொண்ணு முழங்கால் பக்கம். மாசம் 2,500, டெபாசிட் 5,000, கொண்டாந்து மாட்டிக் குடுக்க தனியா ஆட்டோ காசு. மோட்டார் கட்டில் வாங்குங்கன்னு கடையில ரொம்ப சொன்னாங்க, தேவையே இல்ல. ஆனா இந்த சாதா கட்டில் இல்லாம முடியாது, ஏன்னா டியூப்ல கஞ்சி குடுக்கும்போது தலைய நல்லா தூக்கி வைக்கணும், குடுத்து முடிச்சும் ஒரு அரை மணி நேரமாச்சும் அப்படியே வைக்கணும், படுக்க வச்சு குடுத்தா நுரையீரலுக்குள்ள போயி நிமோனியா வந்துரும். தலகாணி அடுக்கி வச்சு பாத்துக்கலாம்னு மாமா சொன்னாரு, வழுக்கிட்டு கீழ வந்துருவாங்க மாமான்னு அத்தையே சொல்லிட்டாங்க.

எடுக்கும்போதே கைப்பிடிய நாலு சுத்து சுத்தி பாருங்க, துரு பிடிச்சு கிரீச்சுன்னு கத்துனா வேற கேளுங்க, ராத்திரி ரெண்டு மணிக்கு அந்த சத்தம் தெருவுக்கே கேக்கும். ஓரத்துல வர்ற கம்பி ரெண்டு பக்கமும் லாக் ஆகுதான்னும் பாத்துக்கங்க.

அடுத்து ஆல்பா பெட்டு, அதான் காத்து மெத்தை. இத மட்டும் புதுசாவே வாங்குங்க, அடுத்தவங்க படுத்தத எடுக்க வேணாம், விலையும் பெருசா இல்ல, எங்களுக்கு 3,000 சொச்சம் ஆச்சு. இது என்ன பண்ணுதுன்னா கால்மாட்டுல தொங்குற சின்ன பம்பு ஒரு வரிசை குமிழிக்கு காத்த ஏத்தி இன்னொரு வரிசைய எறக்கும், சில நிமிஷத்துக்கு ஒருக்கா மாத்தி மாத்தி, அதனால ஒரே எடத்துல பாரம் அழுத்தாது, படுக்கைப்புண் வர்றது குறையும். இத தனி மெத்தைன்னு நெனச்சு நேரா கட்டில் மேல விரிக்காதீங்க, இருக்கிற மெத்தைக்கு மேல போட்டு அதுக்கு மேல லூசா ஒரு காட்டன் வேட்டி போதும், இறுக்கி பெட்ஷீட் போட்டா குமிழி வேலையே செய்யாது. பிளாஸ்டிக் வேற, மதுரை வெயிலுக்கு முதுகு வேர்த்து ஊறிரும், வேட்டிய மாத்திக்கிட்டே இருக்கணும். இடுப்புக்கு நேரா காத்து மெத்தைக்கு அடியில கைய விட்டு பாருங்க, ஆளோட இடுப்பு கையில தட்டுச்சுன்னா காத்து பத்தல, பம்புல திருகு இருக்கும் ஏத்திக்கங்க.

இதுல ஒரு விஷயம் எந்த கடையிலயும் சொல்ல மாட்டாங்க, கரண்ட் போனா மெத்தை கொஞ்ச நேரத்துல தட்டையாயிரும். மாசாந்திர ஷட்டவுன் அன்னைக்கு காலைல 9 மணிக்கு போனா சாயங்காலம்தான் வரும், இன்வெர்ட்டர் லைன்ல பம்ப மாட்டி வைங்க. இன்னொன்னு, காத்து மெத்தை இருக்குன்னு திருப்பி போடாம விட்டுராதீங்க, ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா ஒருக்களிச்சு படுக்க வைக்கணும், மெத்தை இருந்தாலும் பண்ணணும். நடு இடுப்பு எலும்பு, குதிகால், ரெண்டையும் தெனமும் பாருங்க, செவப்பா இருந்து அழுத்துனாலும் வெளுக்கலன்னா உஷாராயிருங்க. எங்களுக்கு புண்ணு வரல, அதனால மெத்தைக்கு முழு மார்க்.

இப்ப ஹோம் நர்சிங் ஏஜென்சி. இதான் நெறைய பேரு கேப்பீங்க. நாங்க 24 மணி நேர ஆள் போட்டோம், மாசம் 24,000, சாப்பாடு நம்மது, ஒரு மாச காச முன்னாடியே வாங்கிட்டாங்க. போன்ல "நர்ஸ்"னு சொன்னாங்க, வந்தது அட்டெண்டர். அட்டெண்டர்னா தப்பில்ல, ஆனா டியூப்பும் கத்தீட்டரும் இருக்கிற ஆளுக்கு ஏஎன்எம்மோ ஜிஎன்எம்மோ (ரெண்டும் நர்சிங் படிப்பு) படிச்சவங்க வேணும்னா அத கேட்டு வாட்ஸப்புல எழுதி வாங்கிக்கங்க. ஆளும் அடிக்கடி மாறிக்கிட்டே இருந்தாங்க, ஊருக்கு போறேன்னு ஒருத்தர் போவாரு, அடுத்து வர்றவங்களுக்கு மறுபடி முதல்ல இருந்து எல்லாம் சொல்லணும், அம்மாவால வாயத்தொறந்து சொல்ல முடியாதே.

அதவிட பெரிய பிரச்சனை ரெண்டு. தூக்கி உக்கார வைக்கும்போது வராத கைய புடிச்சு இழுப்பாங்க. பக்கவாதம் வந்த கையில தோள்பட்டைய தாங்குற தசை தொவண்டு போயிருக்கும், இழுத்தா மூட்டு எறங்கிரும். அம்மாவுக்கு தோள் வலி அப்படித்தான் ஆரம்பிச்சுது, இன்னைக்கு வரைக்கும் கொஞ்சம் இருக்கு. இடுப்புக்கு பெல்ட் கட்டியோ இடுப்ப புடிச்சோதான் தூக்கணும், கைய இழுக்கவே கூடாது, அக்குள்லயும் கை குடுக்க கூடாது. ரெண்டாவது, எல்லாத்தையும் அவங்களே பண்ணிருவாங்க. ஊட்டி விடுறது, தல சீவுறது, சட்டை பட்டன் போடுறது, அம்மா இடது கைய கூட தூக்க வேண்டியதில்ல. பாக்குறதுக்கு நல்லா கவனிக்கிற மாதிரியே இருக்கும், சொந்தக்காரங்க வந்து பாத்து "பரவால்ல நல்ல பிள்ளையா கெடச்சிருக்கு"ன்னு சொல்லிட்டு போவாங்க. ஆனா அம்மா நாளுக்கு நாள் பொம்மை மாதிரி ஆயிட்டு இருந்தாங்க. எனக்கு இந்த சர்வீஸ் மேல கோவம் அதான். படுக்க வச்சு பாத்துக்கிறதுக்கு ஆள் வேணும்னா எடுங்க, எந்திரிச்சு நடக்கணும்னா இது மட்டும் பத்தாது. 5க்கு 2.

பிசியோவுக்கு வர்றேன். வீட்டுக்கு வந்து பண்றவரு, பிபிடின்னு பிசியோதெரபி டிகிரி படிச்சவரு, ஒரு விசிட்டுக்கு 500. மொத நாளே வந்து அரை மணி நேரம் அம்மாவ தொடவே இல்ல, வீட்ட சுத்தி பாத்தாரு, பாத்ரூம் எங்க, எத்தன படி, அம்மா முன்னாடி எங்க உக்காந்து வேலை பாப்பாங்கன்னு கேட்டாரு. அடுக்களைல தரையில உக்காந்து அருவாமனைல காய் நறுக்குவாங்கன்னு சொன்னேன். "சரிக்கா, அங்க உக்கார வைக்கிறதுதான் நம்ம டார்கெட்"டுன்னாரு. அம்மாகிட்ட திரும்பி "அம்மா, சாம்பார் வைப்பீங்களா"ன்னாரு. அம்மாவுக்கு அப்ப வாயில வந்த ஒரே வார்த்தை "வேணாம்", பசிச்சாலும் வேணாம் தாகமா இருந்தாலும் வேணாம். "வேணாம்"னாங்க, சொல்லிட்டு சிரிச்சாங்க. ஆஸ்பத்திரில இருந்து வந்து அன்னைக்குத்தான் சிரிச்சது.

அவரு மெஷின் எதுவும் பெருசா கொண்டு வரல, வீட்ல இருக்கிறதுதான். துணி கிளிப்ப வாளி ஓரத்துல மாட்டி கழட்ட சொல்றது, முறத்துல துவரம்பருப்பு போட்டு தள்ள சொல்றது, கொஞ்சம் வெரல் அசைய ஆரம்பிச்சதும் ஊறவச்ச பூண்ட உரிக்க சொல்றது. ஒரு மொகம் பாக்குற கண்ணாடிய ரெண்டு கைக்கும் நடுவுல நிறுத்தி, வராத கைய பின்னாடி மறைச்சு வச்சு, நல்ல கைய ஆட்டி அத கண்ணாடில பாக்க சொல்வாரு, மூளைக்கு வராத கையே ஆடுற மாதிரி தெரியுமாம், மிரர் தெரப்பின்னு பேரு. நம்பிக்கையில்லாமத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன், ஆனா அம்மா அத மட்டும் சொல்லாமலே செய்வாங்க, கண்ணாடிய கொண்டான்னு சைகை காட்டுவாங்க.

ஸ்மைலி பந்து வாங்கி அமுக்கச்சொல்லி எல்லாரும் சொன்னாங்க, அவரு வேணாம்னுட்டாரு, அம்மாவுக்கு வெரல் ஏற்கனவே மடங்கி இறுகுது, அமுக்குறது ஈசி விரிக்கிறதுதான் கஷ்டம், விரிக்கிறதுக்குத்தான் பயிற்சி வேணும்னாரு. தம்பி விளம்பரம் பாத்து ஆர்டர் போட்ட ரோபோ கிளவுஸும் வந்துச்சு, அது வெரல மடக்கி விரிக்கும், நாம டிவி பாத்துக்கிட்டு இருக்கலாம், அதான் பிரச்சனையே, அம்மா டிவிதான் பாத்தாங்க. ரிட்டர்ன் பண்ணிட்டோம். பெரியம்மா ஒருத்தங்க புறா ரத்தம் தடவ சொல்லி ஆளையே அனுப்பிட்டாங்க, டீ குடுத்து அனுப்பி வச்சோம். புறா என்ன பாவம் பண்ணுச்சு.

பிசியோ இல்லாத நேரத்துல நாங்க பண்ணணும், அதுக்குத்தான் அவரு சொல்லிக் குடுக்கிறதே. மொத மூணு மாசம்தான் வேகமா தெரியும் அப்புறம் மெதுவாத்தான் வரும், ஆனா நிக்காது, அதனால மூணு மாசம் முடிஞ்சுருச்சுன்னு விட்டுராதீங்க. மாசம் பூரா கணக்கு போட்டா காசு கூடத்தான், வசதி இல்லாதவங்க மக்களைத் தேடி மருத்துவத்த கேளுங்க, 2021 ஆகஸ்ட்ல ஆரம்பிச்ச தமிழ்நாடு அரசு திட்டம், சுகர் பிபி மாத்திரை மட்டும் இல்ல, வீட்டுக்கே வர்ற பிசியோவும் அதுல உண்டு, பக்கத்துல ஆரம்ப சுகாதார நிலையத்துல போயி பேர குடுக்கணும். இது நெறைய பேருக்கு தெரியல. பிசியோவுக்கு 5க்கு 5, யோசிக்கவே இல்ல.

பேச்சுக்கு தனியா ஸ்பீச் தெரப்பிஸ்ட், வீடியோ கால்ல. நாக்கையும் தொண்டையையும் பாத்துட்டுதான் டியூப்ப எடுக்கணும்னு நேர்ல ஒரு தடவ வரச்சொன்னாங்க. ஸ்ட்ரோக் வந்தவங்கள்ல பாதிப் பேருக்கு கிட்ட ஆரம்பத்துல முழுங்கறதுல சிக்கல் இருக்கும், தண்ணிதான் ரொம்ப மோசம், புரையேறிரும், கெட்டியா இருக்கிறது தேவலாம். டியூப் எடுத்ததும் மொதல்ல குழைஞ்ச இட்லியும் கேப்பக்கூழும்தான். பேச்சுல ஒரு ஆச்சரியம், "இது என்ன"ன்னு டம்ளர காட்டுனா அம்மாவுக்கு வராது, ஆனா ஒண்ணுன்னு நாம ஆரம்பிச்சா ரெண்டு மூணு நாலுன்னு பத்து வரைக்கும் போயிருவாங்க, சாமி பாட்டும் வந்துரும். பழகிப்போன வரிசை வேற வழியா வருமாம். அதையே ஏணியா வச்சுத்தான் மத்த வார்த்தைய கொண்டாந்தாங்க. வீடியோ காலுக்கு 5க்கு 3 தான், நெட்டு சுத்தும்போது அம்மாவுக்கு குழம்பிரும். முடிஞ்சா நேர்ல பாருங்க.

மிச்ச சாமான் சீக்கிரமா சொல்லிர்றேன். சக்கரம் வச்ச கமோடு சேர் கண்டிப்பா வாங்கணும், ஆனா பாத்ரூம் கதவ அளந்துட்டு போங்க, எங்க கதவு 24 இஞ்ச், கடையில மொதல்ல காட்டுனது அதவிட அகலம். நாலு சக்கரத்துலயும் பிரேக் இருக்கணும். செவுத்துல பிடிச்சு எந்திரிக்க கம்பி ஒண்ணு அடிச்சோம், நல்ல கை எந்த பக்கமோ அந்த பக்கம், இத பிளம்பர் கேக்க மாட்டாரு அவரு பாட்டுக்கு டைல்ஸ் எங்க நல்லா இருக்கோ அங்க அடிச்சிட்டு போயிருவாரு. வாக்கர கடைக்காரரு தலையில கட்டப் பாத்தாரு, ஒரு கைதான் வேலை செய்யுதுன்னா ரெண்டு கையால தூக்குற வாக்கர வச்சு என்ன பண்றது, அடியில நாலு கால் வச்ச கம்பு இருக்கு, அத நல்ல கையில புடிக்கணும். படி ஏறும்போது நல்ல கால் மொதல்ல, எறங்கும்போது வராத கால் மொதல்ல. பாதம் தொங்கிட்டு தரையில இழுபட்டதால ஏஎஃப்ஓன்னு ஒரு பிளாஸ்டிக் ஸ்பிளிண்ட், ரெடிமேட் வேணாம், அளவெடுத்து பண்றதுதான் சரியா இருக்கு, ரெடிமேட் கணுக்கால்ல அறுத்துரும்.

கட்டில திருப்பி குடுத்தாச்சு. கூடவே ஏஜென்சி ஆளையும் நிறுத்திட்டோம், பகல்ல மட்டும் தெருவுல தெரிஞ்ச அக்கா ஒருத்தங்க வர்றாங்க, அவங்ககிட்ட ஒரே கண்டிஷன், அம்மா கேக்காம எதையும் செய்யாதீங்க. அம்மா இப்ப இடது கையால சாப்புடுறாங்க, பாதி தட்டுல பாதி மடியில, பரவால்ல. அடுக்களைல தரையில உக்கார இன்னும் முடியல, ஸ்டூல்ல உக்காந்து சின்ன வெங்காயம் உரிக்கிறாங்க, வலது கை வெங்காயத்த அமுக்கிப் புடிக்குது இடது கை உரிக்குது, ஒரு குழம்புக்கு வேண்டிய வெங்காயத்துக்கு காலைல பூரா ஆகுது, பக்கத்துல நின்னு வாங்கி உரிக்கப்போனா "வேணாம்"னு சொல்றாங்க, இது நெசமான வேணாம்.

கட்டில் டெபாசிட்ல துரு, பெயின்ட் போயிருச்சுன்னு 800 பிடிச்சுக்கிட்டாங்க. எடுக்கும்போதே நாலு பக்கமும் போட்டோ எடுத்து கடைக்காரருக்கு வாட்ஸப் பண்ணிருங்க, பில்லுல டெபாசிட் தனியா எழுதி வாங்குங்க, வெத்து சீட்டுல எழுதிக் குடுத்தா அந்த கடை வேணாம், அடுத்த கடைக்கு போயிருங்க.