பழைய கல் பாலத்துக்கு எது மருந்து: சிமெண்டா, சுண்ணாம்பா, புதுப் பாலமா?

ஜனவரி 28-இல் மேட்டூர் அணையை அடைத்ததும் எங்கள் ஊர் ஆற்றில் தண்ணீர் வடியத் தொடங்கும். அதன் பிறகுதான் பழைய பாலத்தின் வளைவுக்கு அடியில் போய் நிற்க முடியும். இந்த ஆண்டு ஊர்க் கொத்தனார் ஒருவரையும் அழைத்துப் போனேன். பேர்தான் கல் பாலம். தூண்களும் முகப்பும் கருங்கல், வளைவின் உட்புறம் செங்கல். முன்பு எப்போதோ அடைத்த சிமெண்டை அவர் உளியால் லேசாக நெம்பினார். பட்டையாகக் கையோடு வந்துவிட்டது. அதன் முதுகில் செங்கல்லின் முகமும் பிய்ந்து ஒட்டியிருந்தது. உள்ளே இருந்த பழைய சாந்து ஈரம் கோத்து, பிசைந்த மாவு போலிருந்தது.

பாலத்தைச் சரிசெய்ய வேண்டும் என்பதில் ஊரில் இரண்டு பேச்சு இல்லை. எப்படி என்பதில்தான் மூன்று கட்சி.

சிமெண்ட் கட்சிக்குப் பலம் வேகம். எந்தக் கடையிலும் மூட்டை கிடைக்கும், எந்தக் கொத்தனாரும் பூசுவார், பத்து நாளில் பாலம் பளிச்சென்று ஆகிவிடும். ஆனால் போர்ட்லாண்ட் சிமெண்ட் காப்புரிமை பெற்றதே 1824-இல்தான். கொள்ளிடத்தின் குறுக்கே மேலணையும் கீழணையும் எழுந்த 1836-ஐ ஒட்டிய காலத்தில் இங்கே கட்டுமானம் என்றால் சுண்ணாம்புதான். சுண்ணாம்புக் கட்டடம் வெயிலுக்கும் பாரத்துக்கும் மயிரிழை அளவு அசைந்துகொடுக்கும். நனைந்தால் இணைப்புகள் வழியாகவே ஈரத்தை வெளியே விடும். அந்த வாயைச் சிமெண்டால் அடைத்தால் ஈரம் செங்கல் வழியாக வெளியேறப் பார்க்கும். உப்புப் பூத்து, முகம் உதிரும். கொத்தனார் கையில் வந்தது அதுதான்.

சுண்ணாம்பு வழி நிதானமானது. சுண்ணாம்பை நீற்றி, செங்கல் தூளும் மணலும் சேர்த்து அரைத்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரில் குழைக்க வேண்டும். செங்கல் தூள் சேர்ந்த கலவை ஈரத்திலும் இறுகும் என்பது ஆற்றுப் பாலத்துக்குப் பெரிய துணை. அடைத்த பிறகு ஈரச் சாக்கு போர்த்திக் காக்க வேண்டும். டெல்டாவின் சித்திரை வெயிலில் ஒரு நாள் மறந்தாலும் வெடித்துவிடும். கைதேர்ந்த ஆட்கள் குறைவு, கூலி அதிகம். பழைய கோயில் திருப்பணிகளில் பழகியவர்களைத் தேடிப் பிடிக்க வேண்டும்.

மூன்றாவது, பக்கத்தில் புதுப் பாலம். நெல் லாரியும் அறுவடை இயந்திரமும் போக அது வேண்டியதுதான். அதை எதிர்ப்பவர்கள் லாரியின் எடையை யோசிக்கவில்லை. என் பயமெல்லாம் அதற்குப் பிறகு பழையது அநாதையாகிவிடும் என்பதுதான். திருச்சிக் கொள்ளிடத்தில் 1928-இல் கட்டிய இரும்புப் பாலம், அருகில் புதியது வந்தபின் வாகனங்கள் இல்லாமல் நின்றது. 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் அதன் தூண்கள் சாய்ந்தன. போக்குவரத்தை நிறுத்திவிட்டால் பாலம் பிழைத்துக்கொள்ளும் என்று இனி யாரும் சொல்ல வேண்டாம். ஆற்றுப் பாலத்துக்கு எமன் பெரும்பாலும் அடியிலிருந்துதான் வருகிறான்.

அதனால் எந்தக் கட்சி வென்றாலும் முதல் வேலை, தூணைச் சுற்றி மணல் அரித்த பள்ளத்தை அளந்து கல் கொட்டி அடைப்பது. அடுத்தது தார். எங்கள் பாலத்தில் தார் மேல் தார் போட்டுப் போட்டுக் கைப்பிடிச் சுவர் முழங்கால் உயரத்துக்கு வந்துவிட்டது. வடிகால் துளைகள் அதற்குள் புதைந்துவிட்டதால் மழைநீர் முழுவதும் வளைவுக்குள் இறங்குகிறது. அதைச் சுரண்டி எடுக்காமல் கீழே எதைப் பூசினாலும் வீண். முகப்பில் முளைத்திருக்கும் அரசங்கன்றையும் வெட்டினால் போதாது, வேரைக் கொல்ல வேண்டும்.

என் தேர்வு சுண்ணாம்புதான். லாரிகளை இன்றே மாற்றுவழியில் விட்டு, புதுப் பாலத்துக்குச் சற்றுத் தள்ளி இடம் பார்த்து, பழையதைச் சைக்கிளுக்கும் பள்ளிப் பிள்ளைகளுக்கும் வைத்துக்கொள்ளலாம். அணை வழக்கப்படி ஜூன் 12-இல் திறந்தால் நமக்கு இருப்பது நாலரை மாதம். ஒப்பந்தப்புள்ளி ஏப்ரலுக்குத் தள்ளிப்போனால் அவசரத்தில் மறுபடி சிமெண்டைத்தான் அப்புவார்கள். பிப்ரவரியிலேயே சுண்ணாம்பை நீற்றத் தொடங்கியாக வேண்டும்.