மூன்று வார லீவில் ஓசிடி சிகிச்சை: சென்னையில் விசாரித்தது

ஓசிடி என்பது விடாமல் வரும் பயமும், அதைத் தணிக்கத் திரும்பத் திரும்பக் கழுவுவது, சரிபார்ப்பது போன்ற செயல்களும். பயத்தை நேராகச் சந்தித்துவிட்டு அந்தச் செயலைச் செய்யாமல் இருக்கப் பழகும் சிகிச்சைதான் இ.ஆர்.பி. ஊருக்கு வந்த மூன்று வாரத்தில் இதை முடித்துவிட முடியுமா? தினமும் செஷன் கிடைத்தால் முடியும். வாரத்தில் ஐந்து நாள், நாளுக்கு இரண்டு மணி நேரம், மொத்தம் 15 செஷன் என்ற தீவிர முறை ஏற்கெனவே உண்டு. விசாரித்த இடங்களில் சொன்னது வாரம் ஒன்று, முக்கால் மணி நேரம். பதற்றம் உச்சத்தில் நிற்கும்போதே நேரம் முடிந்துவிடும். அதனால் ஃப்ளைட் டிக்கெட் போடும்போதே செஷன்களையும் பேசி வைக்க வேண்டும்.

போனில் இரண்டே கேள்வி போதும். ஆர்.சி.ஐ. (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவுள்ள கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்டா? பயிற்சிக்காக நம்மோடு அறையை விட்டு வெளியே வருவாரா? "ரிலாக்ஸேஷன் சொல்லித் தருவோம்" என்று பதில் வந்தால் அது இ.ஆர்.பி. இல்லை.

முதல் செஷன்களில் பயங்களுக்கு 0 முதல் 100 வரை மார்க் போடுவார்கள். அசுத்த பயம் என்றால் செருப்பு ஸ்டாண்ட் 30, பஸ் கம்பி 50, கட்டணக் கழிப்பறைக் கதவு 80 என்று வரலாம். பஸ் கம்பியை விரல் நுனியால் தொட்டால் கணக்கில் சேராது. உள்ளங்கை முழுக்கப் பதிய வேண்டும். அதே கையால் முகம், சட்டை, போன், வீட்டுக்கு வந்ததும் தலையணை. கழுவக் கூடாது. பலர் கோட்டை விடுவது இங்கேதான்: இடது கையை மட்டும் 'சுத்தமாக' ஒதுக்கி வைப்பது, மனசுக்குள் ஸ்லோகம் ஓட்டுவது. கம்பியைப் பிடித்தும் பலன் இருக்காது.

வீட்டில் அம்மாதான் பெரிய சிக்கல். "ஒண்ணும் ஆகாதுடா கண்ணு" என்ற ஆறுதலும் நோய்க்குத் தீனிதான். அவரை ஒரு செஷனுக்காவது அழைத்துப் போய், "இதுக்கு நான் பதில் சொல்லக் கூடாதாம்பா" என்று சொல்லப் பழக்க வேண்டும். தீட்டு விஷயத்தில் அவர் பக்கமும் நியாயம் உண்டு. சாவு வீட்டுக்குப் போய்வந்து ஒரு தடவை குளிப்பது வழக்கம். பக்கெட் எண்ணி மூன்று தடவை குளிப்பது ஓசிடி. வீட்டில் மற்றவர்கள் செய்கிற அளவுதான் அளவுகோல்.

ஓசிடிக்குத் தரும் எஸ்.எஸ்.ஆர்.ஐ. வகை மாத்திரையை லீவை நம்பி மாற்ற வேண்டாம். பலன் தெரியவே 8 முதல் 12 வாரம் ஆகும். செஷனுக்கு முன் பதற்றம் தணிக்கும் மாத்திரை போடும் பழக்கம் இருந்தால் டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பதற்றமே வராவிட்டால் பயிற்சிக்கு வேலையில்லை.

இன்னொன்று: அடுப்பு, பூட்டு சரிபார்க்கும் ஓசிடி அம்மா வீட்டில் பாதி அடங்கியிருக்கும், அங்கே பொறுப்பு வேறொருவருடையது. கடைசி இரண்டு மூன்று செஷன்களை மிச்சம் பிடித்து, திரும்பிப் போன பிறகு சொந்த வீட்டு வாசலில் நின்று வீடியோ காலில் செய்யக் கேளுங்கள்.