அமெரிக்க எல்எல்எம் அட்மிஷன்: 1,85,000 ரூபாயை முழுங்கிட்டாங்க

சென்னையில் வெளிநாட்டு அட்மிஷன் பார்த்துக் கொடுக்கும் கன்சல்டன்சி ஒன்று. கேஸ் போடப் போவதால் பெயர் எழுதவில்லை. சுவர் முழுக்க விசா ஸ்டாம்பிங் போட்டோ ஒட்டியிருக்கும் டைப். அவர்கள் என்னிடம் வாங்கியது 1,85,000 ரூபாய். வக்கீலையே ஏமாத்திட்டாங்களா என்று சிரிப்பவர்கள் ஓரமாகப் போய்ச் சிரியுங்கள்.

பி.எல். முடித்து சீனியரிடம் ஜூனியராக இருக்கிறேன். அமெரிக்காவில் ஒரு வருட எல்எல்எம் (சட்ட மேற்படிப்பு), அதை வைத்து நியூயார்க்கில் வக்கீலாவதற்கான பார் பரீட்சை, இதுதான் திட்டம். முதல் நாளே சொன்னேன். கவுன்சலர் மேடம் டைரியில் எழுதியும் வைத்துக்கொண்டார்.

அப்பாதான் தயங்கிக்கொண்டிருந்தார். மேடம் அவருக்குக் காபி வரவழைத்து, நாற்காலியைப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "அய்யா, எங்க வீட்டுப் பொண்ணு மாதிரி பாத்துக்கறோம். ஏப்ரல்ல ஐ-20 உங்க கையில இருக்கும். இல்லன்னா பணம் வாபஸ்." ஐ-20 என்பது மாணவர் விசாவுக்காகக் காலேஜ் கொடுக்கும் படிவம். அப்பா அங்கேயே கவிழ்ந்துவிட்டார். அம்மாவின் வளையல் அடகுக்குப் போனது. முழுப் பணத்தையும் ஒரே தவணையில் கட்டினோம். ரசீதில் 'ஆலோசனைக் கட்டணம்' என்ற ஒரு வரிதான். வாபஸ் பேச்சே அதில் இல்லை.

அமெரிக்காவில் பல லா ஸ்கூல்களுக்கு எல்எஸ்ஏசி என்ற அமைப்பு வழியாகத்தான் விண்ணப்பிக்க வேண்டும். அந்த அக்கவுண்டை அவர்களே, அவர்கள் மெயில் ஐடியில் திறந்தார்கள். "உங்களுக்கு எதுக்கும்மா டென்ஷன்?" பல்கலைக்கழகத்தில் நாயாய் அலைந்து டிரான்ஸ்கிரிப்ட் (மதிப்பெண் பட்டியல்) வாங்கி, ஒட்டின வாயில் சீல் வைத்த கவரைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஆபீஸ் பையன் கத்தரிக்கோலால் சர்ரென்று வெட்டிவிட்டான். ஸ்கேன் பண்ணணுமாம்! சீல் பிரிந்த கவர் எல்எஸ்ஏசியில் செல்லாது என்பது இந்தத் தொழிலில் இருப்பவனுக்குத் தெரியாதா?

மார்ச்சில் அட்மிஷன் லெட்டர் வந்தது. அப்பா தெருவுக்கே மைசூர்பாகு கொடுத்தார். இரண்டாம் பக்கத்தைப் படித்தால், அது முழுக்க ஆன்லைன் கோர்ஸ். அதற்கு ஐ-20 கிடையாது. ஐ-20 இல்லாமல் எஃப்-1 என்ற மாணவர் விசா கிடையாது. நம்மைப் போல வெளிநாட்டில் சட்டம் படித்தவர்கள் எல்எல்எம்மை வைத்து நியூயார்க் பார் எழுதுவதென்றால், விதி 520.6-இன்படி குறைந்தது 24 கிரெடிட் (பாட அலகு) எல்எல்எம் முடிக்க வேண்டும். முழு ஆன்லைன் எல்எல்எம் அதில் சேராது. டைரியில் எழுதினதெல்லாம் எதற்கு?

கேட்டால் மேடம் லீவு. அப்புறம், "ஹெட் ஆபீஸுக்கு மெயில் போடுங்க." அப்புறம், "அமெரிக்காவுல தேங்க்ஸ்கிவிங் லீவு." ஏப்ரலில்! நவம்பர் பண்டிகைக்கு ஏப்ரலில் லீவு விடும் அமெரிக்கா எங்கே இருக்கிறதோ. கடைசியாக மேடமே லைனில் வந்தார். "இப்போ ஆன்லைன்ல சேந்துக்கோங்கம்மா, அப்புறம் கேம்பஸுக்கு மாத்திக்கலாம். அதுக்குத் தனி சார்ஜ்." 1,85,000 ரூபாய் போதாதாம். இதையெல்லாம் எழுத்தில் கொடுங்க என்று வாட்ஸ்அப்பில் கேட்டேன். ப்ளூ டிக் விழுந்தது, பதில் இல்லை. நேற்று அப்பா போனதற்கு செக்யூரிட்டி உள்ளேயே விடவில்லை. அறுபத்தெட்டு வயது மனுஷனை வாசலில் நிற்க வைத்திருக்கிறார்கள்.

என்னென்ன பார்க்கணும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போ முடியவில்லை. எல்எஸ்ஏசி அக்கவுண்ட் உங்கள் மெயிலில், பாஸ்வேர்ட் உங்கள் கையில். ஃபீஸை உங்கள் கார்டிலேயே நேராகக் கட்டுங்கள். கேம்பஸா ஆன்லைனா என்று காலேஜுக்கே மெயில் போட்டுக் கேளுங்கள். ஜேடி (அங்கே வக்கீலாவதற்கான அடிப்படைச் சட்டப் படிப்பு) போகிறவர்கள் ஏபிஏ எனும் அமெரிக்க வக்கீல்கள் சங்கத்தின் அங்கீகாரப் பட்டியலைப் பாருங்கள். சீல் வைத்த கவரை யாரிடமும் கொடுக்காதீர்கள்.

மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது. மனு தயாராகிவிட்டது, திங்கட்கிழமை ஃபைல் பண்ணுகிறேன். 1,85,000 ரூபாய், அடகு வட்டி, செலவுத் தொகை மூன்றும் கேட்டிருக்கிறேன். இதே மாதிரி ரசீது வைத்திருப்பவர்கள் இன்பாக்ஸில் வாருங்கள்.